அத்தியாயம் 9: எந்த இனம், என்ன வேறுபாடு?

வெளியூரில் ஒரு கடை. உங்களுக்கு மாவு சலிக்கும் சல்லடை வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ‘சிவ்’ என்று பெயர். ஆனால் அந்த நேரம் பார்த்து அது வாயில் வரவில்லை. பெரும்பாலோர் இந்த இடத்தில் கையை ஆட்டி அபிநயம் பிடிப்பார்கள், அல்லது போனை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியைத் தேடுவார்கள். இரண்டும் தேவையில்லை. ‘எ கிச்சன் யூடென்சில் வித் ஸ்மால் ஹோல்ஸ், ஃபார் ஃப்ளவர்’ என்று சொன்னால் போதும். முதல் மூன்று சொற்களைக் கேட்டதுமே கடைக்காரர் சமையல் சாமான் அடுக்கியிருக்கும் பக்கம் திரும்பிவிடுவார். மீதிச் சொற்கள் சல்லடையை அவர் கையில் எடுக்க வைத்துவிடும். ஆங்கிலத்தில் மாவுக்கும் பூவுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். ஆனாலும் ‘யூடென்சில்’ முன்னால் வந்துவிட்டதால் யாரும் உங்களுக்குப் பூக்கடைக்கு வழி காட்ட மாட்டார்கள்.

‘யூடென்சில்’ ஒரு பொதுச்சொல். கரண்டி, சல்லடை, பூரிக்கட்டை, துருவி எல்லாம் அதற்குள் அடங்கும். இப்படிப் பலவற்றைத் தனக்குள் அடக்கும் சொல்லை ஆங்கிலத்தில் ‘அம்ப்ரெல்லா டெர்ம்’ என்பார்கள்; மொழியியல் படித்தவர்கள் ‘ஹைப்பர்னிம்’ என்பார்கள். இந்த நூலில் பொதுச்சொல் என்றே வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பேசும்போது திக்கி நிற்பவர்களுக்கு ஐந்நூறு புதுச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, முப்பது நாற்பது பொதுச்சொற்களைச் சரியாகக் கையாளக் கற்றுக்கொடுப்பது அதிகப் பயன் தரும் என்பது என் கட்சி.

முறை பழையது. ஒரு பொருள் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். அந்த இனத்தில் உள்ள மற்றவற்றிலிருந்து அது எதில் வேறுபடுகிறது என்று பிறகு சொல்ல வேண்டும். வரையறை இப்படித்தான் அமைய வேண்டும் என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்தார். அகராதிக்காரர்கள் இன்றுவரை அந்த வழியில்தான் போகிறார்கள். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில் ஓட்ஸுக்கு உள்ள விளக்கம் புகழ்பெற்றது. அது தானியம் என்று இனத்தை ஒழுங்காகச் சொல்லிவிட்டு, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவதை ஸ்காட்லாந்தில் மனிதர்கள் சாப்பிடுகிறார்கள் என்று வேறுபாட்டில் ஸ்காட்லாந்துக்காரர்களின் காலை வாரியிருப்பார். கிண்டல் இருந்தாலும் வடிவம் பிசகவில்லை.

மொழி கற்பவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பதை மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் காட்டினார். வங்காளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர் அவர். 1935இல் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் கொண்டுவந்த அகராதியில் எல்லா விளக்கங்களும் 1,490 சொற்களுக்குள் எழுதப்பட்டிருந்தன. 1978இல் வந்த லாங்மன் மாணவர் அகராதி இதே வேலையைச் சுமார் 2,000 சொற்களில் செய்தது. அந்த 2,000 சொற்களில் ‘டூல்’, ‘மெஷின்’, ‘கண்டெய்னர்’, ‘அனிமல்’, ‘பிளான்ட்’, ‘வெஹிக்கிள்’ போன்ற பொதுச்சொற்கள் சுமக்கும் பாரம் மிகப் பெரிது. அகராதியே அவ்வளவில் சமாளிக்கும்போது கடைத்தெருவில் நம்மால் முடியாதா?

வாக்கியத்தைக் கட்டுவது

அடிப்படை வாக்கியம் எளிது. பொருளின் பெயர், ‘இஸ்’, பொதுச்சொல், பிறகு வேறுபாடு. ‘எ தெர்மாமீட்டர் இஸ் அன் இன்ஸ்ட்ருமென்ட் ஃபார் மெஷரிங் டெம்பரேச்சர்.’ ஆளைப் பற்றிச் சொன்னால் பொதுச்சொல்லுக்குப் பின் ‘ஹூ’ வரும், பொருளானால் ‘தட்’ அல்லது ‘விச்’, இடமானால் ‘வேர்’. இதில் பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. நம்மவர்கள் வழுக்கும் இடங்கள் வேறு.

ஒன்று, ‘இஸ் வென்’. ‘இன்ஃப்ளேஷன் இஸ் வென் பிரைசஸ் ரைஸ்’ என்று பேச்சில் சொன்னால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். தேர்வுத்தாளிலும் அறிக்கையிலும் அப்படி எழுதினால் சிவப்பு மை விழும். பணவீக்கம் ஒரு பொழுது அல்ல, ஓர் உயர்வு. ‘இன்ஃப்ளேஷன் இஸ் எ ஜெனரல் ரைஸ் இன் பிரைசஸ்’ என்று எழுதுங்கள். ‘இஸ் வென்’ பெரும்பாலும் பொதுச்சொல் கிடைக்காதவர் பிடிக்கும் ஊன்றுகோல். ‘ரைஸ்’, ‘ஃபால்’, ‘பிராசஸ்’, ‘கண்டிஷன்’, ‘மெதட்’, ‘சிஸ்டம்’, ‘எபிலிட்டி’, ‘ஃபீலிங்’ ஆகிய எட்டும் கையில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத விஷயங்களில் பெரும்பாலானவற்றை அவற்றைக்கொண்டே சொல்லிவிடலாம்.

இன்னொன்று ‘யூஸ்டு டு’. கத்தி வெட்டப் பயன்படுகிறது என்பதற்கு ‘எ நைஃப் இஸ் யூஸ்டு டு கட் திங்ஸ்’ என்று சொல்ல வேண்டும். நடுவில் உள்ள ‘இஸ்’ விழுந்துவிட்டால், கத்தி ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டிருந்தது, இப்போது நிறுத்திவிட்டது என்று அர்த்தமாகிவிடும். ‘யூஸ்டு ஃபார் கட்டிங்’ என்று பழகிக்கொண்டால் இந்த வம்பே இல்லை.

‘எ கைண்ட் ஆஃப் எ பேர்ட்’ என்று இரண்டாவது ‘எ’ போடுவதையும் விட்டுவிடுங்கள். ‘எ கைண்ட் ஆஃப் பேர்ட்’ போதும். பொதுச்சொல் உறுதியாகத் தெரியாதபோது ‘எ கைண்ட் ஆஃப்’ கைகொடுக்கும். தெரிந்த இடத்திலும் அதைச் சேர்த்தால் சொல்பவருக்கே சந்தேகம் இருப்பதுபோல் ஒலிக்கும். காகத்தை ‘பேர்ட்’ என்றே சொல்லலாம்.

எவ்வளவு மேலே போவது?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லரும் அவரது குழுவினரும் 1980களில் ‘வேர்ட்நெட்’ என்ற சொல்தொகுப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதற்கு மேலுள்ள பொதுச்சொல்லோடு அதில் கோத்திருக்கிறார்கள். நாயிலிருந்து ஏறினால் ஊனுண்ணி, பாலூட்டி, முதுகெலும்புள்ளது, விலங்கு, உயிரி, பொருள் என்று போய்க் கடைசியில் ‘என்டிட்டி’யில் முடியும். உலகத்தில் உள்ள எல்லாமே அங்கேதான் போய்ச் சேர்கிறது. நாயைப் பற்றி யாராவது கேட்டு நீங்கள் ‘என்டிட்டி’ என்றால் தவறில்லை, ஆனால் ஒன்றும் சொன்னதாகாது.

‘திங்’, ‘ஸ்டஃப்’, ‘ஐட்டம்’, ‘மேட்டர்’ ஆகியவையும் அந்த உச்சிப் படியில் இருப்பவைதான். நம் ஊர் ஆங்கிலத்தில் ‘மேட்டர்’ செய்யாத வேலை இல்லை. ஒரு வரையறையில் ‘திங்’ என்று எழுதிவிட்டால், அதற்கு ஒரு படி கீழே சொல் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். ஸ்டெதஸ்கோப்பை ‘திங்’ என்பதைவிட ‘டிவைஸ்’ மேல். ‘டிவைஸ்’ என்பதைவிட ‘மெடிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்’ மேல். மிக அருகில் உள்ள பொதுச்சொல்லைப் பிடித்தால் வேறுபாட்டைச் சொல்ல நாலு சொல் போதும். தொலைவில் உள்ளதைப் பிடித்தால் ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும். அறுவை மருத்துவரை ‘எ பர்சன் ஹூ’ என்று தொடங்குபவர், அவர் மருத்துவம் படித்தவர் என்பதிலிருந்து விளக்க வேண்டும். ‘எ டாக்டர் ஹூ’ என்று தொடங்கினால் ‘பெர்ஃபார்ம்ஸ் ஆபரேஷன்ஸ்’ என்பதோடு வேலை முடிந்தது.

இது வரையறைக்கான விதி. அன்றாடப் பேச்சில் நிலைமை தலைகீழ். எலினோர் ராஷ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் செய்த ஆய்வுகளில் மக்கள் ஒரு பொருளைக் கண்டதும் நடுப்படிச் சொல்லையே இயல்பாகச் சொல்வதைக் கவனித்தார். ‘ஃபர்னிச்சர்’ என்றும் சொல்வதில்லை, ‘கிச்சன் சேர்’ என்றும் சொல்வதில்லை, ‘சேர்’ என்கிறார்கள். நாம் ஆங்கிலம் பேசும்போது இங்கேயும் ஒரு படி மேலே ஏறிவிடுகிறோம். ‘வண்டியில் வந்தேன்’ என்பதை அப்படியே ‘ஐ கேம் இன் மை வெஹிக்கிள்’ என்கிறோம். கேட்பவர் காதில் அது போலீஸ் அறிக்கைபோல் விழும். பைக்கில் வந்தால் பைக், காரில் வந்தால் கார். ‘வெஹிக்கிள்’ சட்டத்துக்கும் வாகன நிறுத்தப் பலகைக்கும் உரியது.

கருவிகளின் குடும்பம்

தமிழில் ‘கருவி’ என்ற ஒரே சொல்லால் சுத்தியல், வீணை, வெப்பமானி, கைப்பேசி எல்லாவற்றையும் சுட்டிவிடலாம். ஆங்கிலம் இந்தக் குடும்பத்துக்குள் பல தடுப்புச் சுவர்கள் எழுப்பியிருக்கிறது. நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

‘டூல்’ கையால் பிடித்து வேலை செய்வது. சுத்தியல், உளி, ரம்பம், மண்வெட்டி எல்லாம் அதில் சேரும். மின்சாரத்தில் ஓடும் துளையிடும் கருவியும் ‘பவர் டூல்’தான், ஏனென்றால் அதையும் கையில் பிடித்துத்தான் வேலை செய்கிறோம். அந்த வேலையில் நுணுக்கமோ அளவையோ வந்துவிட்டால் சொல் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ ஆகிவிடும். அறுவை மேசையில் இருக்கும் கத்தியை ‘டூல்’ என்று சொன்னால் மருத்துவருக்குக் கோபம் வரலாம். தச்சரின் உளியை ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்றால் தச்சருக்குச் சிரிப்பு வரும். அளப்பவை பெரும்பாலும் ‘இன்ஸ்ட்ருமென்ட்’. இசைப்பவையும் அப்படியே.

‘அப்ளையன்ஸ்’ பெரும்பாலும் வீட்டுக்குள், பெரும்பாலும் மின்சாரத்தில் இயங்குவது. மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி எல்லாம் இதில் அடக்கம். அதே கிரைண்டர் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதானால் ‘மெஷின்’ என்றே சொல்வார்கள். அம்மியும் ஆட்டுக்கல்லும் ‘அப்ளையன்ஸ்’ ஆகாது. ‘கிரைண்டிங் ஸ்டோன்’ என்பதே நேரான வழி. ‘டிவைஸ்’ என்பது ஏதோ ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக யோசித்துச் செய்யப்பட்ட எதுவும். கொசு விரட்டியும் கைப்பேசியும் அதில் சேரும். இந்த வரிசையில் மிக விரிந்த சொல் அதுதான், அதனால் சந்தேகம் வந்தால் ஒதுங்க ஏற்ற இடமும் அதுதான். ‘கேட்ஜெட்’ என்பது ‘டிவைஸி’ன் சின்ன, கொஞ்சம் விளையாட்டான வடிவம். அலுவலகக் கடிதத்தில் அதைப் போடாதீர்கள்.

சமையலறைக்குள் வந்தால் ‘வெசல்’ என்ற சொல் காத்திருக்கிறது. ‘வாஷ் த வெசல்ஸ்’ என்று தென்னிந்திய வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறோம். இங்கே அது முழுக்கச் சரி. இங்கிலாந்தில் ‘வெசல்’ என்றால் முதலில் கப்பல் நினைவுக்கு வரும், அடுத்து ரத்தக் குழாய். பாத்திரம் என்ற பொருள் ஏட்டு நடையில் மட்டும் தங்கியிருக்கிறது. அங்கே கழுவுவது ‘டிஷஸ்’. சமைப்பது ‘பாட்ஸ் அண்ட் பேன்ஸ்’. தட்டும் கிண்ணமும் கோப்பையும் ‘கிராக்கரி’. கத்தி, முள்கரண்டி, ஸ்பூன் ‘கட்லரி’. நம் எவர்சில்வர் தட்டைக் ‘கிராக்கரி’ என்று சொல்ல முடியாது, பீங்கானுக்கு உரிய சொல் அது. ‘ஸ்டீல் பிளேட்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

உடையிலும் இப்படி ஒரு பொறி உண்டு. இங்கே ‘டிரஸ்’ யாருடைய உடைக்கும் பொதுச்சொல். இங்கிலாந்தில் ‘எ டிரஸ்’ என்றால் பெண்கள் அணியும், மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த உடை. தீபாவளிக்குப் புது ‘டிரஸ்’ எடுத்தேன் என்று அங்கே ஓர் ஆண் சொன்னால் ஒரு நொடி மௌனம் நிலவும். ‘நியூ குளோத்ஸ்’ என்றால் வம்பில்லை. ‘எ நியூ குளோத்’ என்று ஒருமையில் சொன்னால் துடைக்கும் துணி என்று நினைப்பார்கள்.

எண்ண முடியாத பொதுச்சொற்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழ்நாட்டு விளம்பரப் பலகைகளிலும் ஒப்பந்தப் புள்ளிகளிலும் மிக அதிகமாகக் காணும் பிழை இதில்தான் இருக்கிறது.

நாற்காலி ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். மேசையையும் எண்ணலாம். இரண்டையும் அடக்கும் ‘ஃபர்னிச்ச’ரை எண்ண முடியாது. ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்ற சொல் ஆங்கிலத்தில் இல்லை. நம் கடை வாசல்களில்தான் இருக்கிறது. ‘எக்விப்மென்ட்’, ‘லக்கேஜ்’, ‘பேகேஜ்’, ‘ஜுவல்லரி’, ‘மெஷினரி’, ‘ஸ்டேஷனரி’, ‘கிளாத்திங்’, ‘கட்லரி’, ‘கிராக்கரி’, ‘ஃபுட்வேர்’, ‘சாஃப்ட்வேர்’, ‘இன்ஃபர்மேஷன்’ எல்லாமே இந்தக் கூட்டம். இவற்றின் பின்னால் ‘ஸ்’ ஒட்டக் கூடாது, முன்னால் ‘எ’ போடக் கூடாது, ‘மெனி’ என்று கேட்கக் கூடாது. ‘ஹவ் மச் லக்கேஜ்’ என்றுதான் கேட்க வேண்டும். வினையும் ஒருமையில் வரும்: ‘த எக்விப்மென்ட் இஸ் ரெடி.’

காரணம் புரிந்தால் மனப்பாடம் வேண்டியதில்லை. வெவ்வேறு வகைப் பொருள்களை ஒன்றாகக் குவித்துப் பார்க்கும்போது ஆங்கிலம் அந்தக் குவியலை அரிசிபோல, மணல்போல நடத்துகிறது. அரிசியை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை, மணி மணியாக எடுத்தால்தான் எண்ணலாம். ஆகவே ‘எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’, ‘த்ரீ பீஸஸ் ஆஃப் லக்கேஜ்’, ‘அன் ஐட்டம் ஆஃப் கிளாத்திங்’. வரையறையில் இந்தத் துண்டுச்சொல் கட்டாயம். ‘எ பீரோ இஸ் எ ஃபர்னிச்சர்’ தவறு. ‘எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’ சரி. போக்குவரத்துக்கு வேறு துண்டுச்சொல் உண்டு: ‘எ மீன்ஸ் ஆஃப் டிரான்ஸ்போர்ட்’. ‘மீன்ஸ்’ ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே உருவம்தான்.

எல்லாப் பொதுச்சொல்லும் இப்படி அல்ல என்பதுதான் தொல்லை. ‘டூல்’, ‘இன்ஸ்ட்ருமென்ட்’, ‘டிவைஸ்’, ‘அப்ளையன்ஸ்’, ‘யூடென்சில்’, ‘வெஹிக்கிள்’, ‘கார்மென்ட்’, ‘கண்டெய்னர்’ எல்லாம் தாராளமாக எண்ணக்கூடியவை. ‘மெஷின்’ எண்ணலாம், ‘மெஷினரி’ எண்ண முடியாது. ‘கார்மென்ட்’ எண்ணலாம், ‘கிளாத்திங்’ முடியாது. இப்படி ஜோடி ஜோடியாக எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

‘கேட்டில்’ தனி விநோதம். தமிழில் மாடு என்றால் ஒன்றையும் சொல்லலாம், பலவற்றையும் சொல்லலாம், காளையா பசுவா என்று பார்க்காமலே சொல்லலாம். ஆங்கிலத்தின் ‘கேட்டில்’ எப்போதும் பன்மை. ஒற்றை மாட்டை ‘எ கேட்டில்’ என்று சொல்ல வழி கிடையாது. தூரத்தில் ஒரு மாடு நிற்கிறது, ஆணா பெண்ணா தெரியவில்லை என்றால் ஆங்கிலேயரும் ‘கௌ’ என்று குத்துமதிப்பாகத்தான் சொல்கிறார்.

ஆங்கிலம் கோடு போடாத இடங்கள்

கருவிகளில் இத்தனை சுவர் எழுப்பிய மொழி உறவுகளில் திறந்த வெளியாகக் கிடக்கிறது. அத்தை மகன், மாமன் மகள், சித்தப்பா மகன், பெரியம்மா மகள் எல்லாரும் ‘கஸின்’. மணக்கலாம், மணக்கக் கூடாது என்ற நம் கணக்கே அதற்குள் கரைந்துவிடுகிறது. ‘கஸின் பிரதர்’, ‘கஸின் சிஸ்டர்’ என்று நாம் ஒட்டுப்போட்டுச் சொல்வதன் காரணம் அதுதான். வெளியார் முன் ‘கஸின்’ போதும். ஆணா பெண்ணா என்பது அடுத்த வாக்கியத்தின் ‘ஹி’யிலோ ‘ஷி’யிலோ தானே தெரிந்துவிடும். எந்தப் பக்கத்து உறவு என்பது முக்கியமானால் ‘மை மதர்ஸ் பிரதர்ஸ் சன்’ என்று நேராகச் சொல்லுங்கள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வரையும் ஒரே பிடியில் அடக்க ‘சிப்ளிங்’ இருக்கிறது. விண்ணப்பப் படிவங்களில் நிறைய வரும்.

தானியத்திலும் இதே கதை. கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி என்று நமக்கு ஆளுக்கொரு பெயர். ஆங்கிலத்தில் அத்தனையும் ‘மில்லெட்’, ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் முழுக்கப் புழங்கிய சொல் இதுதான். செடியியல்படி இவை ஒரே பேரினம்கூட அல்ல. ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க முன்னால் ஓர் அடையாளத்தைச் சேர்க்கிறார்கள். கதிர் விரல்கள்போல் விரிவதால் கேழ்வரகு ‘ஃபிங்கர் மில்லெட்’, மணி முத்துப்போல் இருப்பதால் கம்பு ‘பேர்ள் மில்லெட்’, கதிர் நரிவால்போல் இருப்பதால் தினை ‘ஃபாக்ஸ்டெயில் மில்லெட்’. வேறுபாடு முன்னால், இனம் பின்னால். இந்த அத்தியாயத்தின் முறை முழுக்க அந்த இரண்டு சொற்களுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தெரியாத பெயரை நீங்களே இப்படி உருவாக்கினாலும் கேட்பவர் பெரும்பாலும் பிடித்துக்கொள்வார்.

பருப்புக்கு ‘பல்ஸ்’. உலர்ந்த நிலையில் அறுவடையாகும் பயறு வகைகளுக்கு மட்டும் அது பொருந்தும். பச்சைப் பட்டாணி அதில் சேராது, எண்ணெய் வித்து என்பதால் நிலக்கடலையும் சேராது. ‘லென்டில்’ உண்மையில் மைசூர்ப் பருப்பு. ஆனால் உணவக மெனுக்களில் துவரம்பருப்புச் சாம்பாரையும் ‘லென்டில் ஸ்டூ’ என்று எழுதுகிறார்கள், சாப்பிடுபவருக்கும் புரிகிறது. அங்கே போய்த் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

நம் பண்டங்களை விளக்கும்போது பொதுச்சொல்லைச் சுவையை வைத்துத் தேடாமல் உருவத்தை வைத்துத் தேடுங்கள். இட்லியை ‘எ ஸ்டீம்டு கேக்’ என்றால் நமக்குக் கூச்சமாக இருக்கிறது, கேக் என்றால் இனிப்பு என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ‘கேக்’ என்பது திரட்டித் தட்டிய எதற்கும் பொருந்தும். மீனில் ‘ஃபிஷ்கேக்’ உண்டு, சோப்பும் ‘கேக்’தான். ‘எ சேவரி ஸ்டீம்டு கேக் மேட் ஃப்ரம் ஃபர்மென்டட் ரைஸ் அண்ட் பிளாக் கிராம் பேட்டர்’ என்றால் இட்லி ஓரளவு கண்முன் வந்துவிடும். ‘சேவரி’ என்ற சொல் இதில் உயிர்நாடி, இனிப்பு அல்ல என்று ஒரே அடியில் சொல்லிவிடுகிறது. தோசைக்குப் ‘பான்கேக்’, வடைக்கு ‘ஃப்ரிட்டர்’, கொழுக்கட்டைக்கு ‘டம்ப்ளிங்’. பொங்கலைத் தொடங்கும் முன் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: ‘டிஷ்’ என்றால் தட்டில் இருப்பது, ‘ஃபெஸ்டிவல்’ என்றால் தை முதல் நாள்.

எல்லைக்கு விலை உண்டு

பொதுச்சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்பது சில நேரம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டு இறக்குமதிச் சட்டப்படி காய்கறிக்கு வரி, பழத்துக்கு இல்லை. தக்காளி செடியியல்படி பழம் என்று ஒரு வணிகக் குடும்பம் வழக்குப் போட்டது. மக்கள் அதைச் சாப்பாட்டோடுதான் சாப்பிடுகிறார்கள், கடைசியில் இனிப்புக்குப் பதிலாக அல்ல என்று சொல்லி, 1893இல் உச்ச நீதிமன்றம் அதைக் காய்கறி என்றது. இங்கிலாந்தில் 1991இல் ‘ஜாஃபா கேக்’ கேக்கா பிஸ்கட்டா என்று வரித் தீர்ப்பாயம் ஆராய்ந்தது. கேக்குக்கு வாட் வரி இல்லை, சாக்லெட் பூசிய பிஸ்கட்டுக்கு உண்டு. நாள்பட்டால் கேக் இறுகும், பிஸ்கட் நமுத்துப்போகும். இது இறுகுகிறது என்பதும் கேக் என்று முடிவான காரணங்களில் ஒன்று.

அமெரிக்காவில் 1931இல் நடந்த மெக்பாய்ல் வழக்கு உங்களுக்கு இன்னும் நேரடியாகப் பயன்படும். திருடிய விமானத்தை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனதாக ஒருவருக்குத் தண்டனை. சட்டம் கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று அடுக்கிவிட்டு, தண்டவாளத்தில் ஓடாத, தானே இயங்கும் பிற ‘வெஹிக்கிள்’ எதுவும் என்று முடித்திருந்தது. விமானமும் தானே இயங்குவதுதானே? இல்லை என்றார் நீதிபதி ஹோம்ஸ். அந்த வரிசையைப் படிக்கும் சாதாரண மனிதர் மனத்தில் தரையில் ஓடுவதுதான் தோன்றும் என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தார்கள். எடுத்துக்காட்டுகள் பொதுச்சொல்லைச் சுருக்கிவிடும் என்பது இதில் நமக்கான பாடம். நீங்கள் எழுதும் வாடகை ஒப்பந்தத்தில் ‘சேர்ஸ், டேபிள்ஸ் அண்ட் அதர் ஃபர்னிச்சர்’ என்று போட்டால் சுவரில் பதித்த அலமாரி அதில் அடங்குமா என்று பின்னால் வாதாடலாம். அடங்க வேண்டுமானால் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள்.

பொதுச்சொல்லின் எல்லை எதிர்த்திசையிலும் போகும். கலிஃபோர்னியாவின் வனவிலங்குச் சட்டம் ‘ஃபிஷ்’ என்ற சொல்லுக்குத் தந்த வரையறையில் முதுகெலும்பற்றவையும் அடங்கியிருந்தன. அதை வைத்து, அழிந்துவரும் உயிரினங்களுக்கான பாதுகாப்பைப் பம்பிள் தேனீக்களுக்கும் தரலாம் என்று அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் தேனீ மீனாயிற்று. ஆவணத்தின் முதல் பக்கத்தில் ‘டெஃபனிஷன்ஸ்’ என்று ஒரு பகுதி இருந்தால் அதைத் தாண்டிப்போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த சொல்லுக்கு அங்கே வேறு எல்லை போட்டிருக்கலாம். பல நாட்டு விமான நிலையங்களில் 2006 முதல் வந்த ‘லிக்விட்’ கட்டுப்பாடும் இந்த வகைதான். பற்பசையும் ஜாமும் அதில் திரவம். வீட்டில் கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலும் அந்தக் கணக்கில் திரவம், கைப்பையில் வைக்காதீர்கள்.

எழுத்தில் பட்டியல் போடும்போது இரண்டு சின்ன எச்சரிக்கைகள். ‘சச் ஆஸ்’ என்று தொடங்கினால் கடைசியில் ‘எட்செட்ரா’ வேண்டாம். இவை எடுத்துக்காட்டுகள் மட்டுமே என்பதை முதல் சொல்லே சொல்லிவிட்டது. ‘அண்ட் அதர்’ போட்டால் அதற்கு முன்னால் உள்ள எல்லாமே பின்னால் வரும் பொதுச்சொல்லுக்குள் அடங்க வேண்டும். ‘பென்ஸ், நோட்புக்ஸ், பிஸ்கட்ஸ் அண்ட் அதர் ஸ்டேஷனரி’ என்று ஒரு கொள்முதல் பட்டியல் போனால் தணிக்கையாளர் பிஸ்கட்டைச் சுற்றி வட்டம் போடுவார்.

பயிற்சி

அகராதியைப் பார்க்காமல், பெயரைச் சொல்லாமல், ஒவ்வொன்றையும் ஒரே ஆங்கில வாக்கியத்தில் விளக்குங்கள்: அரிவாள்மணை, பல்லாங்குழி, தாவணி, கோலம், முறம், உண்டியல், அப்பளம். எழுதியதை இவற்றைப் பார்த்திராத ஒருவரிடம் காட்டி, காகிதத்தில் வரையச் சொல்லுங்கள். வரைந்தது பொருந்தாவிட்டால் முதலில் உங்கள் பொதுச்சொல்லைச் சந்தேகியுங்கள், அடுத்துத்தான் வேறுபாட்டை.

முதல் மூன்றுக்கு என் பொதுச்சொற்களைத் தருகிறேன். அரிவாள்மணைக்கு ‘கிச்சன் டூல்’. ‘நைஃப்’ என்று தொடங்கினால் கையில் பிடிப்பது என்று நினைத்துவிடுவார்கள். இங்கே கத்தி நிற்கிறது, காய்தான் நகர்கிறது. பல்லாங்குழிக்கு ‘போர்டு கேம்’. தாவணிக்கு ‘கார்மென்ட்’ சரியாகத்தான் இருக்கும். ஆனால் தைக்காத துணி என்பதை வேறுபாட்டில் சேர்க்காவிட்டால் வரைபவர் கை வைத்த சட்டை ஒன்றைப் போட்டுவிடுவார். மற்ற நான்கும் உங்கள் பாடு. உண்டியலில் மட்டும் கவனம்: கோயிலில் இருப்பதா, குழந்தை காசு சேர்ப்பதா என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.